குடை பிடித்தவர் பெயர் என்ன?

வாசக அன்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு கல்யாணப் படத்தைக் கையில் கொடுத்தால் முதலில் யாரைப் பார்ப்பீர்கள்? பெண்ணையும் மாப்பிள்ளையையும்தான். அடுத்து, அந்தக் கூட்டத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்று தேடுவோம். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் ஆளை யாரும் கவனிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். வட இந்தியாவில் ஓர் அரண்மனையைப் பார்த்து வந்த பிறகு அந்தப் பழக்கம் மாறிவிட்டது. இப்போது எந்தப் படத்தைக் கண்டாலும் என் கண் ஓரத்திலிருந்துதான் தொடங்குகிறது. அது எப்படி நேர்ந்தது என்பதை உங்களிடம் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் பட்டணத்துக் கோயில் அன்பர்கள் சேர்ந்து பன்னிரண்டு நாள் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். டில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், உதய்ப்பூர், கடைசியாக ஹரித்துவார். அப்பா காலமாகி ஓராண்டு முடிந்திருந்தது. கங்கைக்கரையில் அவருக்குத் தர்ப்பணம் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். தோட்டப் பள்ளி ஆசிரியனுக்கு இத்தனை தூரப் பயணம் சுலபமில்லை. நானும் என் மனைவியும் நாலு வருடம் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில்தான் கிளம்பினோம்.

ஏரியும் அரண்மனையும்

ராஜஸ்தான் என்றால் ஒட்டகமும் மணற்காடும் என்றுதான் நான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். உதய்ப்பூரில் பேருந்தை விட்டு இறங்கியதும் வெட்கமாகிவிட்டது. சுற்றிலும் ஆரவல்லி மலைகள், நடுவே தண்ணீர். பிச்சோலா என்ற அந்த ஏரி ஊரைவிடப் பழையது. ஊர் ஊராகத் தானியம் சுமந்து விற்ற பஞ்சாரா ஒருவர் அதை வெட்டுவித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

மேவார் நாட்டை ஆண்டவர்களுக்கு மகாராணா என்று பட்டம். மகாராணா உதய்சிங் 1559-இல் இந்த ஏரிக்கரையில் புதுத் தலைநகரை அமைக்கத் தொடங்கினார். அவருடைய பழைய கோட்டையான சித்தூர் 1568-இல் அக்பரின் படையிடம் விழுந்தது. அதன் பிறகு உதய்ப்பூரே மேவாரின் இருப்பிடம் ஆயிற்று. ஏரியின் கிழக்குக் கரையில் உதய்சிங் தொடங்கிய அரண்மனையை அவருக்குப் பின் வந்தவர்கள் ஒவ்வொருவரும் நீட்டிக்கொண்டே போனார்கள். நம் லயத்து வீட்டில் பிள்ளைக்குக் கல்யாணமானால் பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டுவோமே, அதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவுதான் வேறு.

ஏரியின் நடுவே வெள்ளை வெளேரென்று இன்னொரு மாளிகை மிதப்பது போல் நிற்கிறது. ஜக்நிவாஸ் என்று பெயர். இரண்டாம் ஜகத்சிங் 1746-இல் கட்டி முடித்தது. இன்று அது ஓட்டல். 1983-இல் வெளிவந்த 'ஆக்டோபஸி' என்ற ஜேம்ஸ்பாண்டு படத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் நடித்த அதே படம்தான்.

பெரிய அரண்மனையின் ஒரு பகுதி 1969 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. உள்ளே நடைவழிகள் ஒடுக்கமானவை, வாசல்கள் தாழ்வானவை. குனியாமல் போனால் நெற்றியில் இடிக்கும். எனக்கு இரண்டு முறை இடித்தது. படி ஏறி ஏறி உச்சிக்குப் போனால் அங்கே பெரிய மரங்களோடு ஒரு தோட்டம்! மாடியில் எப்படி மரம் வளரும் என்று விழித்தோம். மலையுச்சியைச் சுற்றியே அரண்மனையைக் கட்டியிருக்கிறார்கள், அந்தத் தோட்டம் நிற்பது மலையின் தலையில் என்று வழிகாட்டி விளக்கிய பிறகுதான் புரிந்தது.

படங்களில் ஓர் அரசவை

அந்த அறைகளில் மாட்டியிருக்கும் ஓவியங்களைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். சிற்றோவியங்கள் என்பார்கள். சில படங்கள் உள்ளங்கையில் அடங்கும். சில, நாளிதழை விரித்த அளவு இருக்கும். ஆனால் அளவு எதுவானாலும் கோடு மட்டும் மயிரிழைதான்.

மேவார் ஓவியர்கள் முற்காலத்தில் பெரும்பாலும் புராணங்களையும் காவியங்களையும் வரைந்தார்கள். 1605-இல் நசீருத்தீன் என்பவர் ராகங்களை ஆண் பெண் உருவங்களாகத் தீட்டினார். 1649 முதல் 1653 வரை ராமாயணம் முழுவதையும் படமாக்கினார்கள். அந்த வேலையில் முன் நின்ற ஓவியர்களில் ஒருவர் சாஹிப்தீன் என்ற முஸ்லிம். மற்றொருவர் மனோகர் என்ற இந்து. ராமர் கதையை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டு தீட்டியிருக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது.

1698-இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் அமர்சிங் காலத்திலிருந்து போக்கு மாறுகிறது. அரண்மனையில் அன்றாடம் நடப்பதே படமாகிறது. ராணா வேட்டைக்குப் போகிறார். ராணா ஹோலி விளையாடுகிறார். மாடத்தில் சாய்ந்து பாட்டுக் கேட்கிறார். தண்ணீர்க் குடுவை வழியாகப் புகை இழுக்கும் ஹூக்காவைக் கையில் பிடித்தபடி கழைக்கூத்து பார்க்கிறார். கணகௌர் என்னும் கௌரி திருவிழாவுக்குப் படகில் போகிறார். அவருக்குப் பின் வந்த இரண்டாம் சங்கிராம்சிங்கும் ஜகத்சிங்கும் இந்த வழக்கத்தைப் பெரிதாக வளர்த்தார்கள்.

இந்தப் படங்களைப் பார்க்க ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே படத்தில் ராணா மூன்று நான்கு இடத்தில் இருப்பார். வாசலில் குதிரையில் நுழைவார். நடுவே உட்கார்ந்து யானைச் சண்டை பார்ப்பார். மேல் மூலையில் விருந்து உண்பார். காலை முதல் இரவு வரை நடந்ததை ஒரே தாளில் அடக்கிவிடுவார்கள். படக்கதைப் புத்தகத்தில் கட்டம் கட்டமாக வருவதை, கோடு போடாமல் ஒன்றாகச் சேர்த்தது போல. எத்தனை பேர் இருந்தாலும் ராணாவைக் கண்டுபிடிக்கலாம். அவர் தலையைச் சுற்றி மட்டும் ஒளிவட்டம் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. முன்முற்றத்தில் உயரம் குறைந்த ஒரு மதில் இருக்கிறது. யானைச் சண்டைக்காகக் கட்டியது. மதிலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக யானைகளை நிறுத்தி மோதவிடுவார்களாம். சற்று முன் அந்த மதிலைப் பார்த்துவிட்டு மேலே ஏறினோம். படத்தில் அதே மதில், அதே முற்றம், யானைகள், அங்குசத்தோடு பாகர்கள். நாங்கள் நின்ற இடத்தைத்தான் ஒரு மனிதர் இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்.

என் மனைவி கேட்ட கேள்வி

வழிகாட்டி ராணாக்களின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனார். நானும் குறிப்பேட்டில் ஆண்டுகளை எழுதிக்கொண்டே போனேன். என் மனைவி மட்டும் ஒரு படத்தின் முன் நின்றுவிட்டாள்.

"ஏங்க, ராஜாவுக்குப் பின்னால குடை பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவரு யாரு?"

வழிகாட்டியைக் கேட்டேன். அவர் சிரித்தார். "அது வேலைக்காரர்" என்றார் ஆங்கிலத்தில்.

"அது தெரியுது. பேரு என்னன்னு கேளுங்க."

பெயர் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு வழிகாட்டி வேறு ஒன்றைச் சொன்னார். மேவார் ஓவியங்கள் பலவற்றின் பின்புறத்தில் எழுத்து இருக்கும். எந்த ராணா, உடன் இருக்கும் பிரபுக்கள் யார், எந்த இடம், எந்த நாள் என்று குறித்து வைப்பார்கள். ஓவியர் பெயரும் சிலவற்றில் உண்டு. பல படங்களில் ராணா ஏறிய குதிரைக்கும் யானைக்கும்கூடப் பெயர் எழுதியிருக்கும். குதிரையின் கூடவே ஓடும் குதிரைக்காரருக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ராணாவைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். ஓரத்தைப் பார்த்தோம். அப்போதுதான் அந்தப் படங்களில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கண்ணில் பட்டது. சாமரம் வீசுகிறவர், மயில்தோகைக் கொத்து பிடிக்கிறவர், ஹூக்காவைத் தாங்குகிறவர், பந்தம் ஏந்துகிறவர், துடுப்புப் போடுகிறவர், வேட்டையில் புதர்களைத் தட்டிப் புலியைக் கிளப்புகிறவர். புலி பாய்ந்தால் முதலில் அகப்படுகிறவர் யார்? ராணா மரத்து மேல் மறைவிடத்தில் இருக்கிறார்.

அந்தப்புரப் படம் ஒன்றின் முன் என் மனைவி மறுபடியும் நின்றாள். "இந்தப் பொம்பளைங்க எல்லாருக்கும் ஒரே மூஞ்சியா இருக்கே" என்றாள். உண்மைதான். ஆண் ஓவியர்கள் அந்தப்புரத்துக்குள் போக முடியாது. பார்க்காத முகங்களை எப்படி வரைவது? அழகு என்று வழக்கத்தில் இருந்த ஒரே முகத்தை எல்லாருக்கும் வைத்துவிட்டார்கள். ராணிக்கும் தனி முகம் இல்லை, தோழிக்கும் தனி முகம் இல்லை.

படங்கள் சொல்லாத வேறொன்றும் உண்டு. 1730-களிலிருந்து மராட்டியர்கள் மேவாரிடம் கப்பம் கேட்டு நெருக்கினார்கள். கருவூலம் இளைத்தது. அதே காலத்தில்தான் ஜகத்சிங் ஏரி நடுவே மாளிகை கட்டினார், படங்களில் திருவிழாவாகவே இருக்கிறது. அரசர் தம்மை எப்படிப் பார்க்க வேண்டும் என்று விரும்பினாரோ அப்படித்தான் ஓவியர் வரைய முடியும். கூலி கொடுப்பவர் அவரல்லவா?

தாத்தா நின்ற இடம்

இந்த இடத்தில் என் வீட்டுப் படம் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பெட்டியில் 1962-இல் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. துரை மாற்றலாகிப் போன நாளில் பங்களா வாசலில் எடுத்தது. நாற்காலியில் துரை, சின்னதுரை, பெரிய கிராணி, ஆஸ்பத்திரி டிரெசர். பின் வரிசையில் கங்காணிகளும் ஆட்களும். துரையின் பின்னால் நின்று அவர் தலைக்குக் குடை பிடித்திருப்பவர் என் தாத்தா. குடையின் நிழல் துரை மேல் விழுகிறது. தாத்தா முகத்தில் வெயில் அடிக்கிறது, கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்.

படத்தின் கீழே தட்டச்சு செய்து ஒட்டிய தாளில் உட்கார்ந்திருப்பவர்களின் பெயர்கள் உள்ளன. துரையின் காலடியில் படுத்திருக்கும் நாயின் பெயரும் இருக்கிறது. நிற்பவர்கள் பெயர் இல்லை. சின்ன வயதிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், அது எனக்கு ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை. உதய்ப்பூர் அரண்மனையில் நின்றபோதுதான் உறைத்தது.

தூரிகை பிடித்த கை

மாலையில் ஜகதீசர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தோம். வரிசையாக ஓவியக் கடைகள். ஒரு கடையில் வயதான ஓவியர் ஒருவர் தரையில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். அணில் வால் மயிரில் கட்டிய தூரிகையைக் காட்டினார். வர்ணங்கள் எதிலிருந்து வருகின்றன என்று சொன்னார். மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்குச் சாதிலிங்கம், நீலத்துக்கு அவுரி, கறுப்புக்கு விளக்குப் புகை. கல்லில் அரைத்து, வேல மரத்துப் பிசின் சேர்த்துக் குழைக்க வேண்டும். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கெட்டியாக்கி, வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். வர்ணம் பூசிய பிறகும் படத்தைக் கவிழ்த்து வைத்து முதுகுப் பக்கம் தேய்க்க வேண்டும். அப்போதுதான் வர்ணம் தாளோடு இறுகும்.

என் கட்டை விரல் நகத்தில் இரண்டு நிமிடத்தில் ஒரு யானை வரைந்து கொடுத்தார் அந்தப் பெரியவர். அதை அழியவிடக் கூடாதென்று அன்று இரவு வலது கையால் சாப்பிடாமல் கரண்டியைத் தேடினேன். மனைவி சிரித்தாள்.

அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மரம் சீவுகிறவர்களின் விரல்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. பட்டையைக் காயப்படுத்தாமல், ஒரு நூல் ஆழம் கூடாமல் குறையாமல் கத்தியை இழுக்கும் அம்மாவின் கை. ஓவியமும் கைத்தொழில்தான். அதைச் செய்தவர்களும் உழைப்பாளிகள்தான்.

மறுநாள் இரவு ரயிலில் டில்லிக்குத் திரும்பினோம். அரண்மனைக் கடையில் வாங்கிய ஓவியப் புத்தகத்தை விளக்கு அணைக்கும் வரை படித்தேன். அதில்தான் நயின்சுக் என்ற ஓவியரைச் சந்தித்தேன். இவர் மேவார்க்காரர் அல்லர். வடக்கே இமயமலை அடிவாரத்தில் குலேர் என்ற சின்ன நாட்டில் பிறந்தவர். தச்சர் குலம். தந்தை பண்டிட் சேவு, அண்ணன் மானகு, இருவரும் ஓவியர்கள். நயின்சுக் ஜஸ்ரோட்டா நாட்டு பல்வந்த்சிங்கிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்தார்.

மேவாரில் கண்ட கூட்டமும் கொண்டாட்டமும் இவர் படங்களில் குறைவு. தலைவர் கூடாரத்தில் தனியாக அமர்ந்து கடிதம் எழுதுகிறார். நாவிதர் அவர் தாடியைத் திருத்துகிறார். குளிருக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அரசரும் ஒரு சாதாரண மனிதர்தான் என்று நமக்குத் தோன்றும்படி வரைந்திருக்கிறார். பாடுகிறவர், மத்தளம் தட்டுகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி முகம் கொடுத்திருக்கிறார். ஒருவர் வாய் திறந்து பாடுகிறார், இன்னொருவர் தலை சாய்த்துத் தாளம் கேட்கிறார். கூட வேலை செய்கிறவர்களைக் கூர்ந்து பார்த்த கண் அது. பல்வந்த்சிங் ஓர் ஓவியத்தைக் கையில் வைத்துப் பார்க்கும் படம் ஒன்று சுவிட்சர்லாந்தில் சூரிச் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் நயின்சுக்கும் ஓர் ஆளாக இருக்கிறார் என்பது அறிஞர்களின் கருத்து.

1763-இல் பல்வந்த்சிங் இறந்தார். அஸ்தியை ஹரித்துவாருக்குக் கொண்டு சென்றவர்களோடு நயின்சுக்கும் போனார். அங்கே பண்டாக்கள் என்னும் தீர்த்தப் புரோகிதர்கள், வருகிறவர்களின் ஊர், குலம், தலைமுறைப் பெயர்களை நீண்ட கணக்கேடுகளில் எழுதி வைப்பது வழக்கம். நயின்சுக் தம் பெயரையும் குடும்பத்தாரின் பெயர்களையும் அந்த ஏட்டில் தம் கையாலேயே எழுதி, அதன் அருகே ஒரு படமும் வரைந்து வைத்தார். இருநூறு ஆண்டு அது அங்கேயே கிடந்தது. பி.என். கோஸ்வாமி என்ற அறிஞர் இத்தகைய ஏடுகளைப் புரட்டி, அந்த ஓவியக் குடும்பத்தின் வரலாற்றை 1968-இல் உலகுக்குச் சொன்னார். பெயர் எழுதியிருந்ததால்தான் பெயர் பிழைத்தது.

கங்கைக்கரையில்

இரண்டு நாள் கழித்து ஹரித்துவாரில் இறங்கினோம். கங்கை அங்கே மலையை விட்டுச் சமவெளிக்கு வருகிறது. காலை வைத்தால் இழுத்துக்கொண்டு போகும் வேகம். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி. கரையோரம் பண்டா ஒருவர் சிவப்புத் துணியில் சுற்றிய நீளமான ஏடுகளோடு உட்கார்ந்திருந்தார். ரயிலில் படித்தது நினைவுக்கு வர, நானும் அருகில் போய் உட்கார்ந்தேன். எந்த ஊர் என்றார். மலேசியா என்றேன். அதற்கு முன் என்றார். சேலம் ஜில்லா என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றேன். எந்தக் கிராமம் என்றார். தெரியவில்லை. அவர் தலையை அசைத்தார். கிராமம் வாரியாகத்தான் ஏடு, உங்கள் பக்கத்து ஊர்கள் என்னிடம் இல்லை என்றார்.

தர்ப்பணம் செய்துவைத்த புரோகிதர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். அப்பா பெயர் சொன்னேன். தாத்தா பெயர் சொன்னேன். பூட்டனார் பெயர் எனக்குத் தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் பள்ளியில் ராஜா பெயரையும் பட்டமேறிய ஆண்டையும் மனப்பாடம் செய்யச் சொன்ன ஆசிரியன் நான். புரோகிதர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, இறைவன் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் விடச் சொன்னார். விட்டேன். கண் கலங்கியதைக் கங்கைத் தண்ணீர் என்று மனைவியிடம் சொல்லிச் சமாளித்தேன்.

ஊர் திரும்பிய வாரமே அந்த 1962-ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துக்கொண்டு அத்தையிடம் போனேன். எண்பதைத் தாண்டியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாக விரல் வைத்தார். "இவரு பெரட்டுக்களத்துல மணி அடிப்பாரு. இவரு பால் கொட்டகையில இருந்தாரு. இது உங்க தாத்தாவோட சிநேகிதரு, கப்பல்ல ஒண்ணா வந்தவரு." நின்றிருந்த பதினைந்து பேரில் பதினொரு பேருக்குப் பெயர் கிடைத்தது. பூட்டனாரைப் பற்றிக் கேட்டேன். "அவரை எல்லாரும் நெட்டையர்னுதான் கூப்பிடுவாங்க. சொந்தப் பேரு எனக்கும் தெரியாதுய்யா" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

வாசக அன்பர்களே, மேவார் ஓவியர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. குடை பிடித்தவரின் பெயரை அவர்கள் எழுதாமல் விட்டாலும், அவருடைய தலைப்பாகை மடிப்பையும் இடுப்புக் கச்சையையும் அக்கறையாகத்தான் தீட்டியிருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை காலம் கழித்து ஒரு தோட்டத்துப் பெண் அவரைப் பார்த்து யார் என்று கேட்க முடிந்தது. பெயர் எழுதும் வேலையை அவர்கள் விட்ட இடத்திலிருந்து நாம் செய்யலாம்.

தோட்டங்கள் துண்டு துண்டாகி, செம்பனையாகி, வீடமைப்பாகிப் பல குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்துவிட்டன. வரும்போது பெட்டியோடு பழைய படங்களும் வந்திருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைத் திறவுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். மை பேனா வேண்டாம், முன்பக்கம் ஊறிவிடும். மெதுவான பென்சிலால் படத்தின் பின்னால் எழுதுங்கள்: எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, நிற்பவர்கள் யார் யார். உட்கார்ந்திருப்பவர்களையும் எழுதுங்கள், பாதகமில்லை.

எங்கள் படத்தின் பின்னால் நான் முதலில் எழுதியது தாத்தாவின் பெயர். அதற்குப் பக்கத்தில் 'குடை பிடித்திருப்பவர்' என்று எழுதினேன்.